கனடாப் பிள்ளைக்குச் சந்தியில் பெனர்

இன்று காலை கதிரவெளிச் சந்தியில் ஒரு பெரிய பெனர் ஏறியது.

அதில் சிரிப்பது என் மச்சாள் புஷ்பத்தின் தங்கச்சி மகள். கனடாவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, இப்போது ஐஸில் சறுக்கி ஆடும் போட்டியில் இலங்கைக்காக ஆடுகிறாளாம். ஊருக்கு ஒரு தடவையும் வந்ததில்லை.

என் மகளும்தான் ஓடுகிறாள். மாகாணத்தில் முதலாவது. அவளுக்கு ஒரு கைத்துண்டு அளவுக்குக்கூடப் பெனர் இல்லை.

விளையாட்டுக் கழகத்துப் பொடியன்மார் ஏணியில் நிற்க, மச்சாள் கேட்டா, "நேரா இருக்கா கா? பாத்துச் சொல்லுங்க."

நேராகத்தான் இருந்தது. "இடப்பக்கம் சரியுது" என்றேன். அவிழ்த்துக் கட்டினார்கள். "இப்ப வலப்பக்கம்" என்றேன். திரும்பவும் அவிழ்த்தார்கள்.

"இலங்கையில இவளோட போட்டி போட ஆர் கா இருக்கா? ஐஸ் எண்டா எங்களுக்கு மீன் பெட்டிக்குள்ளதானே" என்று மெதுவாக ஒரு குத்து விட்டேன்.

மச்சாள் சும்மா இருப்பாவா? "அப்ப உங்கட மகளையும் சறுக்கப் பழக்குங்க. ஓடிக் களைக்கத் தேவையில்ல."

சுருக்கென்று பட்டது. அடுத்த கிழமை கொழும்பில் தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். என் பிள்ளையோடு எத்தனை பேர் ஓடப்போகிறார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

பொடியன்மாரிடம், "நடுவில கட்டாதீங்க தம்பிமார், ஓரமாக் கட்டுங்க. பக்கத்தில இன்னொண்டு வரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொறாமைக்காரி என்று கொமெண்ட் போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். அப்படியே, கீழே போட்டிருக்கும் என் மகளின் படங்களில் பெனருக்கு எது நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.