மூன்றரை நிமிடம் சும்மா இருந்த கைகள்

பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பத்திரண்டு. பங்காருபேட்டையைத் தாண்டிய பெங்களூர் ரயிலில், எங்கள் பெட்டியின் கதவோரம் பதினேழு பேர் இருந்தோம். வழக்கமாகப் பதினெட்டு. சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்த பாபுவின் போன் அடித்தது. கேட்டான். கட்டைக் கீழே வைத்தான். "அண்ணன் போயிட்டாருபா" என்றான். எந்த அண்ணன் என்று யாரும் கேட்கவில்லை.

ஆண்டர்சன்பேட்டை அருள்நாதன் அவர்களுக்கு வயது ஐம்பத்தொன்று. பெங்களூரில் வெல்டர். இளமையில் குத்துச்சண்டைக்காரர். ஐந்து நாள் நினைவில்லாமல் கிடந்து காலமானார். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். தினமும் அவரோடு ரயிலில் வேலைக்குப் போனவர்கள் சார்பில் என்னை எழுதச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுபா" என்றார்கள். நல்லதா என்று தெரியாது, நடந்ததை எழுதுகிறேன்.

அவர் அடிப்பார். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது.

ஐந்து வருடத்துக்கு முன், டிப்ளமோ முடித்து வேலைக்குப் போன முதல் நாள், ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "எழுந்திரு நைனா, அது முட்டி வலிக்காரரு சீட்டு" என்றார். "சீட்ல பேரு எழுதியிருக்கா?" என்றேன். கேள்வி முடிவதற்குள் என் உதடு கிழிந்தது. பிறகு தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார்.

"அழுத்திப் பிடி. இன்னா படிச்சிருக்கே?"

"எலக்ட்ரானிக்ஸ்."

"அதான் வாய்ல கரண்டு ஓடுது."

பெட்டியே சிரித்தது. மறுநாள் எனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்.

அதற்கும் முன்பே மைத்துனரின் தாடையை உடைத்துச் சிறைக்குப் போய் வந்தவர். மனைவி அப்போது தாய்வீட்டுக்குப் போனவர்தான். மகள் ஸ்டெல்லா நர்சிங் படிக்கிறாள். இரண்டு வருடம் முன் பக்கத்து வீட்டுக்காரரை அண்ணன் படியில் உருட்டி அடித்ததைப் பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். "இன்னொரு தடவ யார் மேலயாவது கை வெச்சா, எனக்கு அப்பாவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் அண்ணன் யாரையும் அடிக்கவில்லை. தகராறு வந்தால் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி நிற்பார். ஜெபம் கேட்கிறார் என்று நினைத்தோம்.

இரண்டு மாதம் முன் அந்த இயர்போனின் இடது காது செத்துப்போனது. "பத்த வெச்சிக் கொடு நைனா" என்றார். சால்டர் வைத்து எடுத்துவந்து, மறுநாள் ரயிலில் அவர் போனிலேயே செருகிச் சோதித்தேன்.

ஒரு கன்னடப் பாட்டு. சின்னப்பெண் மாதிரி ஒரு குரல், ஐஸ்கிரீம் உருகுவதற்குள் வா என்று ஒருவனைக் கூப்பிடுகிறது. இடையிடையே "பப்பப்பா". அவ்வளவுதான். போனின் பாட்டுப் பட்டியலில் வேறு பாட்டே இல்லை.

நான் சிரித்துவிட்டேன். அவர் முஷ்டி என் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. மெதுவாகத் திறந்தது.

"வெளிய சொன்னே, பல்லப் பொறுக்கிக்கினு போவே." பிறகு குரலை இறக்கினார். "கோயில் பாட்டு கேட்டா நான் செஞ்சதெல்லாம் ஞாபகத்துக்கு வருது. சோகப் பாட்டு கேட்டா குடிக்கத் தோணுது. இது என்னை ஒண்ணுமே கேக்காது நைனா. மூணரை நிமிஷம் ஓடும். அதுக்குள்ள கை எறங்கிடும். எங்கப்பா சொல்வாரு, கேஜு, அதான் ஆளெறக்கற கூண்டு, சுரங்கத்துக்குள்ள எறங்கறப்ப காது அடைச்சிக்குமாம், பக்கத்துல எவன் திட்னாலும் கேக்காதாம். அது மாதிரிதான்."

எனக்குப் பாட்டில் தரம் முக்கியம். இதில் மூன்றே மூன்று சுரக்கூட்டு, திரும்பத் திரும்ப ஒரே டிரம் அடி, இயந்திரம் திருத்திய குரல். குப்பை. அந்தக் குப்பையை அன்று வேலை மேசையில் பதினொரு முறை கேட்டேன். யாராவது வந்தால் நிறுத்தினேன்.

அடுத்த வாரம் ரயிலில் என்னை அறியாமல் முணுமுணுத்திருக்கிறேன். பாபு பிடித்துக்கொண்டான். "ஏய், இங்க பாருங்கடா! இஞ்சினியர் சார் ஐஸ்கிரீம் பாட்டுப் பாடறாரு!"

"என் பாட்டு இல்லடா" என்றேன். "அருள் அண்ணன் பாட்டு. தினமும் இதத்தான் கேக்கறாரு."

மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் ஏறியதும் மொத்தக் கூட்டமும் கைதட்டி "பப்பப்பா" பாடியது. அவர் யாரையும் அடிக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். இயர்போனைச் சுருட்டி என் சட்டைப்பையில் போட்டார்.

"நீயே வெச்சிக்கோ. இனிமே இது வேலை செய்யாது."

"சரியாத்தானே பத்த வெச்சேன்?"

"ஒயரு நல்லாத்தான் இருக்குது."

பத்தொன்பது நாள் கழித்து, பங்காருபேட்டை நடைமேடை. டீ குடித்துவிட்டு ஏறும்போது நெரிசலில் ஒருவன் அவரை முதுகில் இடித்து, தாயைச் சேர்த்துத் திட்டினான். அண்ணன் கை காதுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அந்தக் கை அப்படியே மூடிக்கொண்டு திரும்பியது. மூக்கெலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற படிவரை கேட்டது. முதல் அடி அவருடையது, மறைக்க மாட்டேன். அவன் ரத்தத்தோடு இரண்டு கையாலும் தள்ளினான். சிமெண்டு பெஞ்சின் முனையில் அண்ணனின் பின்மண்டை மோதியது. என் பையில் அந்த இயர்போன் இருந்தது.

அடக்கத்தில் ஸ்டெல்லா எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா மறுபடியும் அடிச்சாரா?" பாபு, "வழுக்கி விழுந்துட்டாரும்மா" என்றான். நானும் தலையாட்டினேன். சவப்பெட்டிக்குள் அவர் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முஷ்டி எலும்புகளில் தையல் தழும்புகள். விரலிடுக்கில் ஜெபமாலை. பாட்டு இல்லாமல் அந்தக் கைகள் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

போய் வாருங்கள் அண்ணே. நான் செய்யப்போவது இவை:

1. இந்த மலர் அச்சாவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவைப் போய்ப் பார்ப்பேன். வழுக்கி விழவில்லை என்று சொல்வேன்.
2. இரண்டு வருடம் அவளுக்காக எதைக் கேட்டுக் கையை அடக்கினார், அதை அவரிடமிருந்து பறித்தது யார் என்று சொல்வேன். அறைந்தால் வாங்கிக்கொள்வேன்.
3. இயர்போனை அவளிடம் கொடுப்பேன். இரண்டு காதும் கேட்கிறது.
4. திங்கட்கிழமை பங்காருபேட்டை தாண்டியதும், அவர் நின்ற கதவோரம் நின்று அந்தப் பாட்டைச் சத்தமாக வைப்பேன். யார் பாட்டு என்று பாபு கேட்டால், என் பாட்டு என்பேன்.
5. சிரிக்கிறவனை அடிக்கத் தோன்றும். பாட்டு முடியும்வரை நிற்பேன்.