ஒல்லியான அம்மா

என் அண்ணன் ரமேஷ் பொய் சொல்கிறான். இன்று பீரோவில் எங்கள் பழைய கையடக்க வீடியோ கேம் கிடைத்தது; உள்ளே மெமரி கார்டு இல்லை. போனில் கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறான்.

தேரடித் தெருவில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது, இப்போது அங்கே லாட்ஜ். அந்த கேமில் வீடியோவும் பார்க்கலாம்; ஆனால் சிடியில் இருப்பது அதன் குட்டித் திரையில் அப்படியே ஓடாது என்பதால், ஞாயிறுதோறும் அங்கே போய், சூடான கம்ப்யூட்டர் வாசனையும் வெளியே கிரிவலம் போகிறவர்களின் பேச்சுமாக, பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து வீடியோ மாறி முடியும்வரை உட்கார்ந்திருப்போம். மாமா கல்யாண வீடியோவை மாற்றியபோது அளவு தப்பி, எல்லோரும் மூங்கில் மாதிரி நீண்டுவிட்டார்கள்.

அம்மா அழிக்க விடவில்லை. "இருக்கட்டும்டா, இதுலயாவது ஒல்லியா இருக்கேன். உங்க அத்தைகிட்ட காட்டு, வயிறெரியட்டும்."

சிடி பூஞ்சை பிடித்துப் போனது. அம்மாவும் போய்விட்டாள். அவள் நடப்பதும் சிரிப்பதும் அந்த கார்டில் மட்டும்தான்.

போனை வைக்கும்முன் அண்ணன் மகள் குறுக்கே வந்தாள். "அத்தை, பாட்டி ஏன் அவ்ளோ ஒல்லியா, நீட்டமா இருக்காங்க?"

அம்மா ஒருநாளும் ஒல்லியாக இருந்ததில்லை.

அண்ணா, நம் குடும்ப குரூப்பில், எல்லோர் முன்னாலும் பதில் சொல். அம்மாவை நீ மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாயா, இல்லையா?