படுத்துக்கொண்ட மாப்பிள்ளை

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவேன் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். வந்த முதல் வாரமே நான் பாத்திரம் கழுவும் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, "எங்க குதிரைங்க தொட்டிய இதைவிட சுத்தமா நக்கி வைக்கும்" என்றவள் அவள். நேரில் என் வாயில் "அண்ணி, நீங்க" என்பதைத் தவிர வேறு வராது. எழுதும்போது மட்டும் "அவள்" என்கிறேன். மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். மூன்று வருடமாக அவள் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் என் கணவர் "அக்காவுக்கு முன்ன மாதிரி உடம்பு முடியல" என்று சொல்லிச் சமாளிக்கிறார். பச்சைப் பொய். அவள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள்.

என் கணவரைவிட ஒன்பது வயது மூத்தவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு வாய்த்த கணவரோ, கல்யாணமான மூன்றாம் வருடம் வேறு ஊரில் வேலை பார்க்கப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கியவர், போனவர்தான். யாராவது அதற்காக உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பிடிக்காது. "மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தானே போனாரு. அந்த மட்டும் மனுஷன்" என்பாள்.

ஊர் ஓரத்தில் இருக்கும் குதிரையேற்றப் பள்ளியில் சாணி அள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் அங்கேயே. கடைசியில் லாயத்தில் இருந்த பதினொரு குதிரைகளும் அவள் பொறுப்பு. அவளுடைய காலை வேலையை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஆறு மணிக்கு முதல் தடுப்பில் நுழைவாள். இடது கையைக் குதிரையின் தாடைக்கு அடியில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணுவாள். அப்புறம் குனிந்து அதன் விலாவுக்குப் பின்னால் வயிற்றில் காதை ஒட்டுவாள், இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. குதிரையின் குடல் எப்போதும் கடமுடவென்று பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். பேச்சு நின்றால்தான் ஆபத்து. கேட்டு முடித்ததும் "ஓடுது!" என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரல் வராமல் எந்தக் குதிரை முதுகிலும் சேணம் ஏறாது.

ஒரு தடவை ஒரு வெள்ளைக் குதிரைக்கு அவள் குரல் கொடுக்கவில்லை. பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் கத்தினார், குதித்தார். அவள் அசையவில்லை. மதியம் அந்தக் குதிரை வயிற்று வலியில் உருண்டது. சேணம் போட்டு ஓட்டியிருந்தால் செத்திருக்கும் என்று மிருக டாக்டர் சொன்னார். அன்றைக்கு மேல் லாயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். மாஸ்டரே வருகிறவர்களிடம், "எங்க டாக்டரம்மா ஓடுதுன்னு சொன்னா கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்" என்று பெருமை அடிப்பார்.

அங்கே வரவேற்பு மேசையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். போன் எடுப்பது, யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று குறிப்பது, பிள்ளைகளுக்குக் காலணி அளவு பார்த்துக் கொடுப்பது. குதிரை என்றால் எனக்குக் கை கால் உதறும். கழிப்பறைக்குப் போக லாயத்தைத் தாண்ட வேண்டும் என்பதால் கட்டிடத்தையே சுற்றிக்கொண்டு போவேன். "தம்பி பொண்டாட்டி ஊர்வலம் கிளம்பிருச்சு" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். பதினொன்றும் காதைத் தூக்கிப் பார்க்கும்.

அதில் ஒன்றுக்குத்தான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை. வந்த நாளிலிருந்து அவனுக்குத் தண்ணீர் அப்போதே பிடித்ததாக இருக்க வேண்டும், புல்லை உதறிப் போட வேண்டும், பக்கத்துக் குதிரைக்கு முன்னால் அவனுக்கு வைக்க வேண்டும். சிறு குறை இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பன்னிரண்டு வருடமும் அவள் அவனுக்கு உபசாரம் செய்தாள், திட்டிக்கொண்டேதான்.

மாப்பிள்ளையிடம் ஒரு கள்ளத்தனம் இருந்தது. வெயில் அதிகமானாலோ, கனத்த ஆள் ஏற வந்தாலோ, மைதானத்தின் நடுவில் முன்னங்கால்களை மடக்கி, பூப்போல் படுத்துக் கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிவிடுவான். பிள்ளைகள் கை தட்டும். நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போய் அவன் தலைமாட்டில் நிற்பாள். "போதும் மாப்பிள்ளை, நடிச்சது. எழுந்திருங்க. மாமியார் வந்துட்டேன்." அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பான். அப்புறம் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்பான். இதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். அவன் படுத்திருக்க, அவள் இடுப்பில் கையோடு நிற்கும் படத்தை மாஸ்டர் பெரிதாக்கி என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

அன்று காலையும் அவள் மாப்பிள்ளைக்கு "ஓடுது!" சொன்னாள். எட்டு மணி வகுப்புக்கு ஒருவரைச் சுமந்துவிட்டு வந்தான், தண்ணீர் குடித்தான். ஒன்பதே முக்காலுக்குப் பத்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றை ஏற்ற மைதானத்துக்குக் கூட்டி வந்தார்கள். மாஸ்டர் பிள்ளையைத் தூக்கக் கை கொடுத்தார். மாப்பிள்ளை முன்னங்கால்களை மடக்கினான்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் சாய்ந்தான். அது இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. பிள்ளை கை தட்டியது. அதன் அம்மா போனை எடுத்துப் படம் பிடித்தாள். மாஸ்டர், "வந்துட்டாருய்யா மகாநடிகரு!" என்று உரக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாத்தனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து போய் இடுப்பில் கை வைத்தாள்.

"போதும் மாப்பிள்ளை. காலங்காத்தால வெயிலே இல்ல, அதுக்குள்ள என்ன?"

எல்லோரும் சிரித்தோம். அவள் இன்னும் இரண்டு வாக்கியம் திட்டினாள். கால் நுனியால் அவன் தோளை மெல்லத் தட்டினாள். அப்புறம்தான் சட்டென்று மண்டியிட்டுத் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம் இருக்கும். செத்துப்போன குதிரையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேலி செய்துகொண்டிருந்தோம்.

டாக்டர் அரை மணியில் வந்தார். கீழே சாயும்போதே உயிர் போயிருக்கும், யார் என்ன செய்திருந்தாலும் பயனில்லை என்றார். அறுத்துப் பார்த்தார். குடல் சுத்தம், நுரையீரல் சுத்தம், இதயத்தில் ஒரு கீறல் இல்லை. "நல்லா இருக்கிற குதிரை இது" என்றார், கையை உதறியபடி. எனக்கு அந்த ஆள் மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. நல்லா இருக்கிற குதிரை ஏன் ஐயா செத்தது?

நாத்தனார் அழவில்லை. அவனை ஏற்றிப் போக லாரி வரும்வரை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை உள்ளங்கையால் அவன் கழுத்தில் ஓங்கி அறைந்தாள். "சொல்லியிருக்கலாம்ல? ஒரு சின்ன முனகல். ஒரு வாய் புல்லை மிச்சம் வச்சிருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்குமே. பன்னண்டு வருஷம் பொய்யா படுத்தியே, நிஜமா படுக்கப் போறன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அடுத்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் இதே பேச்சுதான். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே சொல்வாள். நாடி முப்பத்தாறு. தொட்டி காலி. சாணி எப்போதும் போல. இரண்டு பக்கமும் காதை வைத்தேன், ஓடியது. "எல்லாரும் ஏமாத்துவாங்க, அது தெரிஞ்சதுதான். இவன் என் கையில வளர்ந்தவன். என் காதுக்குள்ளயே பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்." ஒரு மிருகத்தின் மேல் அவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. தினமும் மற்றப் பத்துக் குதிரைகளுக்கும் காதை வைத்தாள், ஆனால் ஒரு தடவைக்கு மூன்று தடவை. "ஓடுது" என்கிற குரலில் பழைய உரம் இல்லை.

டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரிகளின் முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. விஷம் இல்லை, தொற்று இல்லை. மரணத்துக்கான காரணம் தெரியவில்லை.

இந்தக் கடைசி வரிதான் எங்கள் எல்லோருக்கும் உலை வைத்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். "என் பொண்ணு மேல உட்கார்ந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் அம்மா கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் காரணம் தெரியவில்லை என்பதை யாரும் ஒரு பதிலாக ஏற்கத் தயாராக இல்லை. தெரியவில்லை என்றால் நாளைக்கு இன்னொன்று சாகும் என்றுதானே அர்த்தம் என்றார்கள். பாதிப் பேர் வகுப்பை நிறுத்தினார்கள். பள்ளியின் முதலாளியம்மா மாஸ்டரைக் கூப்பிட்டு, காரணம் வேண்டும் என்றார்.

மாஸ்டர் காரணம் தயாரித்தார். முதல் வேலையாக என் மேசைக்குப் பின்னால் இருந்த படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஒரு தாளோடு வந்தார். அதில் இருந்தது இதுதான்: சில நாட்களாகவே குதிரை சோர்ந்திருந்ததைப் பராமரிப்பாளர் மறைத்துவிட்டார், அது விழுந்ததும் உடனே டாக்டரை அழைக்கும்படி அங்கிருந்தவர்கள் கெஞ்சினார்கள், அவர் அலட்சியமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அடியில் மாஸ்டருடைய கையெழுத்து. பக்கத்தில் "நேரில் கண்டவர்" என்று போட்டு எனக்கு இடம் விட்டிருந்தார்.

"யாரு சார் கெஞ்சினது? நீங்களும்தானே சிரிச்சீங்க?"

"நீயும்தான் சிரிச்ச" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "பள்ளிக்கூடம் மூடினா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. ஒருத்தரோட போகட்டும். சாயங்காலம் யோசிச்சிட்டு வா."

மதியம் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார். அக்கா தூக்கி வளர்த்த தம்பி கொதித்தெழுவார், எனக்கு ஒரு அறை விட்டாலும் விடுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார். "ரெண்டு பேர் வேலையும் போயிடக் கூடாதுல்ல. போட்டுடு. அக்கா புரிஞ்சுக்கும்."

அன்று சாயங்காலமே போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, பேனாவின் மூடியை ஒழுங்காக மூடி வைத்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு முதலாளியம்மா அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்தேதான் இருந்தது. இனிமேல் குதிரைகளைத் தொட வேண்டாம், மைதானத்தைப் பெருக்குவதாக இருந்தால் இருக்கலாம் என்றார். அவள் அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கினாள். அவள் நிதானமாகப் படிக்கிறவள். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து அடிவரைக்கும் போனாள். விரல் நின்ற இடம் எனக்கு என் மேசையிலிருந்தே தெரிந்தது.

லாயத்துக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலுக்குப் போக என் மேசையைக் கடந்துதான் ஆக வேண்டும். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணி, அவருதான் எழுதினாரு. நான் வெறும் கையெழுத்து..."

"பார்த்தேன்."

"நானா போடல அண்ணி. உங்க தம்பிதான் போடச் சொன்னாரு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வாயை அடக்கத் தெரியாத ஜென்மம் நான். அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆளையும் என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அங்கேயே காட்டிக்கொடுத்தேன். அவள் பையை மேசை மேல் வைத்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பதினோரு நாளா அந்த வாயில்லாப் பிராணியத் திட்டித் தீர்த்துக்கிட்டு இருக்கேன், சொல்லாம போயிட்டான்னு. பாவம், அவனுக்கே தெரிஞ்சிருக்காது." அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "உனக்குத் தெரியும்ல? நேத்து ராத்திரி உன் வீட்லதானே சாப்பிட்டேன். நீதானே போட்ட."

"தெரியும் அண்ணி" என்றேன்.