வெளிச்சம் விழுந்த செவ்வந்தித் தோட்டம்

சிவப்பு ஊசி ஒன்று, கறுப்பு ஊசி ஒன்று. இரண்டையும் வரப்பு மண்ணில் குத்திவிட்டு, கரண்டு அளக்கும் மீட்டரை என் அக்காவின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார் முதலாளி. முள் அசையவில்லை. "பாத்துக்கங்க ஆத்தா. என் கரண்டு உங்க மண்ணுக்கு வரல. பொறவு எதுக்கு ஊரைக் கூட்டுறீக?" கூட வந்தவர்களில் ஒருவர், "தம்பிதான் மிசினே வச்சுக் காட்டிட்டாகள்ல. செவ்வந்திக்குப் பதிலா அகத்தி வச்சிருக்கலாம், ஆடாவது திங்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கம்பம் ஊருக்கு வெளியே முதலாளியின் கீரைக் கொட்டகை. நான் அங்கே கீரை அறுக்கிறவள். கீரை வேகமாக வளர, பாத்தி மண்ணில் கம்பி பதித்துக் கொஞ்சமாக மின்சாரம் விடுவார். பொழுது சாய்ந்ததும் மேலே வரிசையாக விளக்குகள் எரியும். தண்டுக்கீரை அப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டம் என் அக்காவின் குத்தகை. புருசன் இல்லாதவள். ஆயுதபூசைக்குப் பறிக்கச் செவ்வந்தி வைத்திருந்தாள். அந்தப் பூ விற்றால்தான் குத்தகை நிலைக்கும். செடி தழைத்தது, மொட்டு மட்டும் வரவில்லை. மண்ணில் விட்ட கரண்டுதான் கெடுத்தது என்று நினைத்தாள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. மீட்டர் வந்து அந்தப் பேச்சை முடித்தது.

பூசைக்கு முன்னால் ஒருநாள், "ஏடி, இங்கன வந்து பாரு" என்று அக்கா கூப்பிட்டாள். அவள் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால், கொட்டகை விளக்கு வெளிச்சத்தைச் சுவர் மறைத்த இடத்தில் மட்டும், பூ. கோடு போட்டு வெட்டி வைத்த மாதிரி மஞ்சள். மற்றதெல்லாம் பச்சை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டகை பார்க்க வருகிறவர்களிடம் முதலாளி சொல்வதைக் குனிந்து அறுத்தபடியே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "பூவெடுத்தா கீரை முத்திரும். ராத்திரி லைட்டு எரிஞ்சா பூக்காது, எலையா வந்துக்கிட்டே இருக்கும்." கீரைக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். படித்தவர், செவ்வந்திக்கும் அதேதான் என்று அவருக்குத் தெரியாதா? அக்கா கேட்டது கரண்டைப் பற்றி. அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூசையன்று அந்தப் பூவை மடியில் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள் அக்கா. "தம்பி, உங்க லைட்டு படாத எடத்துல பூத்தது. ஒரு படுதா கட்டியிருந்தா மிச்சமும் பூத்திருக்கும்ல?"

அவர் இல்லையென்று சொல்லவில்லை. "இனி அந்தக் கவலையே வேணாம் ஆத்தா. தோட்டத்துக்காரர்கிட்ட அந்தக் குத்தகையையும் நானே பேசி முடிச்சுட்டேன்" என்றார். பிறகு அந்தப் பூவை அவள் மடியிலிருந்து அள்ளி, சந்தனம் வைத்த சுவிட்சு போர்டுக்கு மேலே போட்டார். "நல்ல நெறம்" என்றார். பொரி நீட்டினார். அக்கா வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.

இப்போது நானும் அக்காவும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறோம். கம்பம் சந்தையில் அவர் கீரை பெரிய பெரிய கட்டாக வருகிறது. நல்ல கீரைதான். எங்கள் வீட்டில் வாங்குவதில்லை.