என் வீட்டுக் கதவில் ஒட்டிய உத்தரவு

என்னை வேலையை விட்டு நீக்கப்போவதாகச் சொன்ன அரசாங்கக் காகிதத்தைத் தட்டச்சு செய்தவர் என் கணவர்தான்.

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். பிள்ளைகளுக்கு நான் ‘சோத்து டீச்சர்’. சமையலுக்கு என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா, அவளுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு இன்னொருத்தி. மூன்று பேருமாக அரிசி களைந்து, பருப்பு வேகவைத்து, நூற்றைம்பது தட்டுகளுக்குப் பரிமாறுவோம். என் கணவர் ஒன்றிய அலுவலகத்தில் தட்டச்சர்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் சத்துணவு ஊழியர்கள் எல்லோரும் வேலைநிறுத்தம் செய்தோம். காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை. ஆனால் ஏட்டில் நாங்கள் பகுதிநேர ஊழியர்கள். எங்களை முழுநேர அரசு ஊழியர்களாக்கி, மற்றவர்களைப் போலக் காலமுறை ஊதியம் தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

முதல் இரண்டு நாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கை சும்மா இருந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூன்றாம் நாள் அது உறுத்த ஆரம்பித்தது. வாத்தியார்களையே சமைக்கச் சொல்லிவிட்டார்கள் என்றும், சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் அரிசியாகவே கிடக்கிறது என்றும் தெருவில் போகிற பிள்ளைகள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் உத்தரவு வந்தது. சத்துணவு அத்தியாவசியப் பணி, வேலைநிறுத்தம் சட்டவிரோதம், திங்கட்கிழமை காலைக்குள் திரும்பாதவர்கள் நீக்கப்படுவார்கள், அந்த இடத்தில் வேறு ஆள் போடப்படும். ஒன்றியத்தில் இருந்த ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பிரதி. என் கணவர் பகல் முழுக்க அடித்துவிட்டு, என்னுடையதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“எல்லார் பேரிலயும் ஒண்ணு ரெண்டு தப்பு வந்துட்டு. உன் பேரை மட்டும் தப்பில்லாம அடிச்சிருக்கேன்” என்று நீட்டினார். “ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு.”

“வாங்க மாட்டேன் அத்தான். யாரும் வாங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

அவர் வற்புறுத்தவில்லை. கை கால் கழுவினார், காப்பி குடித்தார். பிறகு விதியை விளக்கினார். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வீட்டுக் கதவில் ஒட்ட வேண்டுமாம். அப்படியானால் ஒட்டுங்கள் என்றேன். அடுக்களைக்குப் போய் ஒரு கை சோறு எடுத்து வந்து பிசைந்தார். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சியையும் அவர் மனைவியையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “உம்ம வீட்டம்மா அங்கனதான வே நிக்காவ. கையில குடுத்தா என்ன?”

“வாங்க மாட்டேங்கா அண்ணாச்சி. சட்டப்படி ஒட்டித்தான் ஆகணும்.”

தன் வீட்டுக் கதவில், தன் மனைவி பெயருக்கு, தானே அடித்த உத்தரவை அவர் சோற்றுப் பசையால் ஒட்டினார். அது கோணலாக இருந்தது. இடது பக்கம் பைய மேலே தூக்கச் சொன்னேன். அவரும் தூக்கினார். அண்ணாச்சி மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான்கு பேராலும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டதில் அண்ணாச்சியின் கையெழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

அவர்கள் போன பிறகு, பயமாக இருக்கிறதா என்று என் கணவர் கேட்டார். இருக்கிறது என்றேன்.

“எனக்கும்தான் இருக்கு” என்றார். “இருந்தாலும் நாளைக்கு நீ போ.”

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம். விடிந்ததும் சமையலக்கா தலைக்கு எண்ணெய் தடவிப் பூ வைத்து என்னைக் கூட்டிப்போக வந்தாள். கதவில் காகிதத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முழுக்கப் படித்துக் காட்டினேன்.

“அத்தியாவசியம்னா என்னது டீச்சர்?”

“நாம இல்லாம நடக்காதுன்னு அர்த்தம்க்கா.”

கொஞ்சம் யோசித்தாள். “இத்தனை வருசமா பாதி நேர வேலைக்காரின்னு சொன்னவங்க, இப்ப அவங்களே எழுத்துல குடுத்துட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பஸ்ஸில் ஏறியதும் முன் இருக்கையிலிருந்து கடைசி இருக்கை வரை எல்லோருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆர்ப்பாட்டம் அரைமணி நேரம்கூட நடக்கவில்லை. வந்திருந்த முந்நூறு பேரையும் கைது செய்து டவுன் பஸ்களில் ஏற்றிப் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மண்டபத்தில் மின்விசிறி ஓடியது, குழாயில் தண்ணீர் வந்தது. சாப்பாடுதான் வரவில்லை. ஓட்டல்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். ஒன்றரை மணிக்கு இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கக் கூசியவராக நின்றார்.

சமையலக்கா அதற்குள் மண்டபத்துச் சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அண்டா இருக்கிறது, விறகு இருக்கிறது, அரிசி பருப்பு காய்கறி மட்டும் வாங்கித் தந்தால் போதும் என்று அவரிடம் போய்ச் சொன்னாள்.

அவர் திகைத்துப்போனார். “நீங்க ஸ்டிரைக்குலல்லாம்மா இருக்கீங்க?”

“ஸ்டிரைக்கு சர்க்கார் அடுப்புக்குய்யா. இது எங்க வயித்துக்கு.”

இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் போய் மூட்டையோடு வந்தார்கள். அன்று நான் பார்த்த சமையலை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தினமும் நூறு, இருநூறு பேருக்குப் பொங்கிப் பழகிய கைகள் ஒரே சமையல்கட்டில்! பூசணிக்காய் நறுக்க இருபது பேர். சாம்பாருக்கு உப்புப் போடும் உரிமைக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் சண்டை. உலை பொங்கியபோது அம்பாசமுத்திரம் பக்கத்து அம்மா ஒருத்தி குலவை விட்டாள். அதை வாங்கி முந்நூறு பேரும் குலவையிட, கலவரம் என்று நினைத்து வாசலில் நின்ற போலீஸார் தடியோடு உள்ளே ஓடிவந்தார்கள். வந்தவர்களை நாங்கள் பந்தியில் உட்கார வைத்தோம்.

இரண்டாம் பந்தியில் பரிமாறிக்கொண்டு போனபோது ஓர் இலைக்கு முன்னால் என் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் பட்டினியாகக் கிடப்பேன் என்று அரைநாள் விடுப்புப் போட்டு, தயிர்சோற்றுப் பொட்டலத்தோடு வந்திருக்கிறார். ஏட்டையா ஒருவர் அவரையும் பந்தியில் தள்ளிவிட்டார். நான் சாம்பார் ஊற்றினேன். வீட்டுச் சாம்பாரைவிட நன்றாக இருப்பதாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டவர், இலையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: “இந்தச் சாப்பாட்டையா பிள்ளைகளுக்கு நிறுத்தி வச்சிருக்கீங்க?”

சமையலக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “எங்களுக்கும் அதான்யா வருத்தம். அதச் சொல்லத்தான் வந்தோம்.” அவர் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் எங்களை விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை வந்தது. எங்கள் ஒன்றியத்தில் யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. புதன்கிழமை பேச்சுவார்த்தை நடந்து, உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. யாரும் நீக்கப்படவில்லை. காலமுறை ஊதியம் மட்டும் வரவில்லை. பரிசீலிப்பதாகச் சொன்னார்கள், அதற்காக அப்புறமும் பல முறை தெருவுக்கு வந்தோம்.

வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போனபோது, அண்டாவின் அடியில் வாத்தியார்கள் விரல் கனத்துக்குக் கரியேற்றி வைத்திருந்தார்கள். சமையலக்கா ஒரு மணி நேரம் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தாள், திட்டிக்கொண்டே, அதைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டே. மதியம் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் வராமல் ஓடி வந்தார்கள். எப்போதும் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவரும் தலைமையாசிரியர் அன்று ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் தட்டில் சோறு விழுந்ததும், பக்கத்தில் இருந்த சின்னப் பெண் அவர் பக்கம் நகர்ந்து, “சாம்பார் நெறைய கேளுங்க சார், போடுவாங்க” என்று சொல்லிக் கொடுத்தாள்.