பட்டனக்காவும் இடியப்போகும் கட்டடமும்

"வெளிய வா" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஆள் வருகிறதா என்று பார்க்காமலே பட்டனக்கா நடந்துவிடுவாள். ஒரு கையில் சட்டை, மறு கையில் பட்டன். நடைபாதையைக் கடந்து, வெயில் விழும் படிக்கட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பாள். "டியூப் லைட்ல எல்லாமே ஒரே கலராத்தான் தெரியும். வீட்டுக்குப் போயிட்டு என்னைத்தான் திட்டுவே." வாங்க வந்தவர் அவசரக்காரராக இருந்தால், "இதுவே போதும்க்கா" என்பார். வாங்குகிறவருக்குப் போதும். விற்கிறவளுக்குப் போதாது.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உதட்டோரத்தில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும்; அதை எடுக்காமலே சிரிப்பாள், எடுக்காமலே திட்டுவாள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்று ஒட்டியிருக்கும். கணவர் இருந்தவரை இது இரண்டு மடங்கு அகலமான கடை. அவர் போன பிறகு நடுவில் ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தி, அந்தப் பக்கத்தைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பெட்டி, பை வியாபாரம். அண்ணியும் கொழுந்தனும் முகம் பார்க்காமல் பலகை வழியாகவே பேசிப் பழகிவிட்டார்கள்.

"அண்ணி, சில்லறை இருக்கா?"

"இருக்கு. உனக்கு இல்ல."

அந்தப் பலகையைத் தாண்டித்தான் வீடியோவும் வந்தது. கொழுந்தன் செல்போனைப் பலகைக்கு மேலே நீட்டினான். ஒரு தூணில் மேலிருந்து கீழ்வரை விரிசல். பின்னணியில் பேய்ப்படத்து இசை. இந்தக் கட்டடம் எந்த நிமிடமும் இடிந்து விழலாம், உங்களுக்கு வேண்டியவர்களைக் காப்பாற்ற உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஒரு பெண் குரல் நடுங்கியது.

"பாத்தீங்களா அண்ணி? நம்ம கட்டடம். எனக்கு நெஞ்செல்லாம் பதறுது."

"இது உருண்டைத் தூணு. நம்மளுது சதுரம்."

"மேல்மாடியா இருக்கும்."

"மேல போகப்போக உருண்டையாயிடுச்சா?"

செல்போன் பலகைக்கு அந்தப் பக்கம் இறங்கியது. கொழுந்தன் கவுன்சிலரின் ஆள். கவுன்சிலரின் வண்டியில் ஒருமுறை முன்சீட் கிடைத்ததிலிருந்து அவன் தெருவில் நடக்கும் நடையே மாறிப்போனது.

"இன்ஜினியர் யாராச்சும் வந்து பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"வந்து பாக்கவே தேவையில்லையாம். அவ்ளோ மோசமாம்."

சில நாட்களிலேயே கட்டடம் பேச ஆரம்பித்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரருக்குச் சுவர் முனகுவது கேட்டது. எதிர்க்கடைத் தையல்காரிக்குத் தலையில் மண் உதிர்ந்தது. நூல் வாங்க வந்த ஒரு பெண், கைப்பையைத் தலையில் கவிழ்த்தபடியே கலர் தேர்ந்தெடுத்தாள். விரிசல் எங்கே என்று யாரும் தேடவில்லை. அது இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

அப்புறம் வாசலில் ஒரு பெரிய கலர்ப்பலகை முளைத்தது. இதே இடத்தில் வரப்போகும் கண்ணாடிக் கட்டடம், நீரூற்று, பலூன் பிடித்த குழந்தை. கட்டப்போகிறவர் கவுன்சிலரின் மச்சான். பட்டனக்கா தன் கடை வரும் இடத்தை விரலால் தேடிப் பார்த்தாள். அங்கே கார் உள்ளே போகும் வழி இருந்தது. "நம்ம கடையெல்லாம் எங்க?" என்று கேட்டதற்கு, "கட்டி முடிச்சதும் தருவாங்க" என்றார் கடைக்காரர் சங்கத்துச் செயலாளர். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றாள். அவர் நீரூற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கடைக்காரர்கள் கை தூக்க வேண்டும். காலி செய்யலாம் என்று பாதிக்கு மேல் சொன்னால் எல்லா ஷட்டரும் இறங்கிவிடும், அவளுடையதும் சேர்த்து. அந்தக் கடையை வைத்துத்தான் மகளை நர்சாக்கினாள். அந்தக் கடையை வைத்துத்தான் யாரிடமும் கை நீட்டாமல் இருக்கிறாள்.

அவளுக்கும் பயம் வராமல் இல்லை. ஒரு மத்தியானம் ஸ்டூலில் ஏறி, கூரையில் கண்ணில் பட்ட கோட்டைச் சாவியால் சுரண்டினாள். பெயிண்ட் உதிர்ந்தது. அதற்குக் கீழே கான்கிரீட், கல் மாதிரி. இறங்கி, கடையை அப்படியே போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனாள். "ஏந்திரி. தூணைக் காட்டுறேன் வா" என்று தையல்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தூணைத் தொட வைத்தாள். அன்றிலிருந்து இதே வேலை. ஜெராக்ஸ்காரர், வாட்ச் ரிப்பேர்காரர், சாவி போடுகிறவர், ஒவ்வொருவராக. "அவங்க போன்ல ஒரு தட்டு தட்டுனா ஊருக்கே போயிடுது, நீங்க ஒருத்தர் ஒருத்தரா இழுத்துட்டுப் போறீங்க. எப்போ முடியும்?" என்று வாட்ச்காரர் கிண்டலடித்தார். "உங்களுக்குத்தான் நேரத்தைப் பத்திக் கவலை. நடங்க."

தொட்டவர்கள், "ஆமாக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். மறுநாள் காலையில் எல்லாருடைய செல்போனிலும் புதுச் செய்தி. பட்டன் கடைப் பெண்மணி எதிர்க்கட்சியின் கைக்கூலி, நம் உயிரோடு விளையாடுகிறாள், உஷார். அன்று தையல்காரி டீ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. எத்தனையோ வருடமாக இருவரும் ஒரே பிளாஸ்க்கில்தான் குடித்தார்கள்.

பட்டனக்கா பிளைவுட் பலகையைத் தட்டினாள். "நீயா போட்டே?"

"நான் எழுதல அண்ணி. அனுப்புனது மட்டும்தான்."

"படிச்சிட்டா அனுப்புனே?"

"ம்."

"நம்புனியா?"

பலகைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பையின் ஜிப் திறந்து மூடியது, திறந்து மூடியது.

கூட்டம் அதே கட்டடத்தின் கீழ்த்தள ஹாலில் நடந்தது. கவுன்சிலர் வந்து உட்கார்ந்ததும் பட்டனக்கா எழுந்தாள். "இடியுற கட்டடத்துக்குள்ள எதுக்குங்க கூட்டம்? எங்க உயிர் போனாப் போகுது, உங்களுது போலாமா?"

ஹால் சிரித்தது. கவுன்சிலரும் சிரித்தார், தொழில் தெரிந்தவர். மைக்கைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "உங்களோட சேர்ந்து சாகத்தான்மா வந்திருக்கேன்" என்றார். சிரித்தவர்களே விடாமல் கை தட்டினார்கள். ஜெராக்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் அடங்கும்வரை அவள் நின்றாள். "ஒரு இன்ஜினியர் எல்லார் முன்னாடியும் பாக்கட்டும். இடியும்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மொத ஆளா என் ஷட்டரை நானே இறக்குறேன்."

"சரி" என்றார் கவுன்சிலர், பெருந்தன்மையாக. "இன்ஜினியர் அப்புறம். அக்கா பக்கத்தையே மொதல்ல கேப்போம். காலி பண்ண வேணாம்ங்கறவங்க கை தூக்குங்க. செயலாளர், எண்ணுங்க."

பட்டனக்கா உட்கார்ந்து வலது கையைத் தூக்கினாள். பின்வரிசையில் சாவி போடுகிறவரின் கை காது வரைக்கும் வந்து, அங்கேயே காதைச் சொறிந்தது. தையல்காரி மடியில் இருந்த கையைப் பார்த்தாள்.

அப்போதுதான் மேலே ஏதோ தொம்மென்று விழுந்தது. விளக்கு ஆடியது. "இடியுது!" என்று யாரோ கத்த, நாற்காலிகள் கவிழ, ஹால் மொத்தமும் வாசலில் போய் அடைத்துக்கொண்டது. சேர்ந்து சாக வந்தவர் எல்லாரையும் முந்திக்கொண்டு போனார். கையில் இருந்த மைக்கின் ஒயர் பின்னால் இழுபட்டுப் போனது.

பட்டனக்காவின் முழங்காலும் எழுந்துவிடத்தான் பார்த்தது. அதற்குள் மேலிருந்து, "மெதுவா இறக்குடா, காலு போச்சு!" என்று சுமைக்காரர் ஒருவரின் குரல் வந்தது. மேல்மாடித் துணிக் கிடங்கில் பேல் பேலாகத் துணி மூட்டை இறக்குகிறார்கள். இந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வருடக்கணக்காகக் கேட்ட சத்தம். இந்தச் சத்தத்துக்குக் கீழே தூங்கியிருக்கிறார்கள், சாப்பிட்டிருக்கிறார்கள், தலையைக்கூட நிமிர்த்தாமல் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அவள் உட்கார்ந்தே இருந்தாள். கை மேலேயே இருந்தது.

தெருவில் நின்ற கூட்டம் கதவு வழியாக உள்ளே பார்த்தது. கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒருத்தி. யாரோ சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்கள். இரண்டாவது பேல் விழுந்தது. இந்த முறை வெளியே நின்றவர்களில் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

"அண்ணி, எழுந்து வாங்க. மானம் போகுது" என்றான் கொழுந்தன், வாசற்படியில் நின்று.

அவள் அவனைத் தாண்டிச் செயலாளரைப் பார்த்தாள். "எண்ணிட்டீங்களா?"

செயலாளர் கவுன்சிலரைத் தேடினார்.

"கை தூக்கச் சொன்னீங்க, தூக்கியிருக்கேன். எண்ணிட்டீங்களானு கேக்குறேன்."

செயலாளர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். தோள்பட்டை கனத்தது, விரல் நுனிகள் மரத்துப்போயின. பட்டனக்கா இடது கையைத் தூக்கி, அது நன்றாக மேலே போய் நின்ற பிறகு, வலது கையை இறக்கினாள்.