அத்திம்பேரின் ஆயுத பூஜை

என் அத்திம்பேர் அனந்தராமனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. டெக்ஸாஸில், கேட்டி என்ற ஊரில் வீடு. எண்ணெய்க் குழாய்கள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்கு வந்தால் கால் தரையில் பாவாது. டெலஸ்கோப் வாங்கினார், ட்ரோன் வாங்கினார், தேனீ வளர்க்கிறேன் என்று பெட்டி வாங்கித் தேனீ வருவதற்குள் அலுத்துப்போனார். எல்லாவற்றையும் கராஜில் அடுக்கிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தவள் என் அக்கா விசாலாக்ஷி. துப்பாக்கி என்றபோதுதான் திறந்தாள்.

பதின்மூன்று வருஷம் காத்திருந்து கிரீன் கார்டு வந்த வாரம் அது. மற்றவர்கள் என்றால் ஊருக்கு டிக்கெட் போடுவார்கள். இவர், இனிமேல் துப்பாக்கி வாங்கச் சட்டத்தில் தடை இல்லை என்று என்னைக் கூப்பிட்டு, "ஸ்ரீநிவாஸ், சனிக்கிழமை ஃப்ரீயா? ஒரு கடைக்கு ட்ரைவ் பண்ணணும்டா" என்றார்.

ஃப்ரீவேயில் பழைய கதையை இன்னொரு தடவை கேட்டேன். இருபத்திரண்டு வயதில் ராணுவ அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூரில் ஐந்து நாள் இருந்தார். கடைசி நாள் வாசித்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. அன்றைக்குப் பிடித்த பரபரப்பு இன்னும் விடவில்லை என்பது என் கணக்கு.

துப்பாக்கிக் கடையில் ஜெர்மன் லூகர் பிஸ்டலின் விலையைக் கேட்டார். அதற்கு ஒரு பழைய கார் வாங்கலாம். கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ருமேனிய ராணுவப் பிஸ்டலை எடுத்து வைத்தார். 1953 என்று முத்திரை, பிடியில் ஒரு நட்சத்திரம், நானூற்றுச் சொச்சம் டாலர். அத்திம்பேர் மேலேயும் கீழேயும் பொறித்திருந்த எண்கள் ஒன்றுதானா என்று பார்த்தார், குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"துளி துரு இல்லடா. எழுபது வருஷமா யாரோ எண்ணெய் போட்டுண்டே இருந்திருக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. படிவத்தை நிரப்பி, விசாரணை முடிந்து ஓகே வருவதற்குள் கடை வாசலுக்கும் கல்லாவுக்கும் நாற்பது நடை நடந்திருப்பார்.

அக்கா மூன்று நிபந்தனை போட்டாள். துப்பாக்கி நம்பர் பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். குண்டுகள் வேறு அறையில். பதினோரு வயது மானஸாவுக்கு விஷயம் தெரியவே கூடாது. அத்திம்பேர் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமைதோறும் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய், ஓட்டை விழுந்த காகித இலக்குகளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். ஆனால் அவருக்கு அது பாதி ஆசைதான். ஆபீஸ் அறைச் சுவரில் அதை மாட்டிப் பார்க்க வேண்டும். வெல்வெட் வைத்த கண்ணாடிச் சட்டம்கூட வந்து கதவுக்குப் பின்னால் நின்றது.

"சுவத்துல மாட்டப்படாது. கொழந்தை இருக்கிற வீடு" என்றாள் அக்கா. இவர் கூண்டுப் புலி மாதிரி உலாத்தினார்.

நவராத்திரி வந்தது. ஏழு படி கொலு. ஆயுத பூஜையன்று லேப்டாப், கார் சாவி, மிக்ஸி, மானஸாவின் வயலின் எல்லாம் அம்பாள் முன்னால் வந்தன. அத்திம்பேர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆயுதமே இல்லாம என்ன ஆயுத பூஜை?" என்றார்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. நான் சிரித்ததைப் பார்த்து அக்காவும் சிரித்துவிட்டாள். துப்பாக்கி வந்தது. சந்தனத்தின் ஈரம் ஆகாது என்று எண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்த குங்குமம் மட்டும் வைத்தார்.

மானஸா மாடியிலிருந்து இறங்கினாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தோம். "கூல்" என்றாள். கணக்குப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

"அவளே ஒண்ணும் சொல்லலையே. சரி, மாட்டிக்கோங்கோ" என்றாள் அக்கா.

சனிக்கிழமை கொலுவைக் கலைக்கப் போனேன். ஆபீஸ் அறையில் அத்திம்பேர் சுவரில் ஓட்டை போடும் ட்ரில் சத்தம். பொம்மைகள் வருஷம் முழுக்க இருப்பது மாடிப்படிக்கு அடியில் உள்ள க்ளாசெட்டில், ஒரு சின்னச் சாமான் அறையில். முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு தலையணை, ஒரு டார்ச், பிஸ்கட் பாக்கெட், மூன்று தண்ணீர் பாட்டில்.

"மாமா, நாட் தேர்!" மானஸா ஓடிவந்து வாசலை மறித்தாள். "பொம்மையை கராஜ்ல வெக்கலாமே, ப்ளீஸ்?"

ஏன் என்றேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அப்பா கன் பெட்டியைத் திறந்தா நாலு பீப் கேக்கும். வாங்கின நாள்லேருந்து எனக்குத் தெரியும். முன்னாடி பாத்ரூம்ல பூட்டிண்டு உக்காருவேன். இது அதைவிட நல்ல இடம். பொம்மை வந்துட்டா இடம் பத்தாது."

பொம்மைகளோடு பின்னால் வந்த அக்கா, "அது உன் அப்பாடீ. அப்பாவைப் பாத்து யாராவது ஒளிஞ்சுப்பாளா?" என்றாள்.

"ஸ்கூலுக்குள்ள யாராவது கன்னோட வந்தா என்ன பண்ணணும்னு வெக்கற ட்ரில்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கா, அம்மா. கன் இருக்குன்னு தெரிஞ்சா ஒளிஞ்சுக்கணும். யார் கையிலன்னு பாத்துண்டு நிக்கப்படாது."

"அப்போ ஏன் மூணு பாட்டில்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. இன்னொண்ணு அப்பாவுக்கு, கன்னை வெளியிலேயே வெச்சுட்டு வந்தார்னா."

ட்ரில் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அத்திம்பேர் எங்கள் பின்னால் நின்றிருந்தார். பிறகு அந்த க்ளாசெட் வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பதினாறு வருஷப் பழக்கத்தில் அவர் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை அதே கடையில் துப்பாக்கியை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். சுவரில் அவர் போட்ட ஓட்டையை நான்தான் அடைத்தேன். மூன்று மாதம் ஆகிறது. பொம்மைகள் இன்னும் கராஜில்தான் இருக்கின்றன. உள்ளே கொண்டுவரலாமா என்று மானஸாவைக் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.